தைப்பூச விரதத்துக்கு இந்தத் தீவுல விளைஞ்ச காய் மட்டும் – எங்கே, எப்படி வாங்குறது? (மொரிஷியஸ்)

எபேன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம். வேலைக்காக மொரிஷியஸ் வந்தவன், வீடு காத்ர் போர்ன்ல. தைப்பூசத்துக்கு இன்னும் மூணு வாரம்தான். வீட்டுல பால்குடம் எடுக்கிறதா நேர்ந்திருக்காங்க. அதனால பத்து நாள் மொத்தக் குடும்பமும் சைவம்.

இந்தத் தடவை ஒரு ஆசை. ஃப்ரோசன் பாக்கெட் வேணாம், கப்பல்ல வந்த காய் வேணாம். இங்கே, இப்போ விளையுறதை மட்டும் வாங்கிச் சமைக்கணும். முடிஞ்சா பயிர் பண்றவங்ககிட்டயே நேரா வாங்கணும்.

ஆனா பஸார்ல எந்தக் கடையில கேட்டாலும் "லோக்கல், லோக்கல்"னு ஒரே பதில்தான் வருது. எதை வச்சு நம்புறது? அதோட ஜனவரி, பிப்ரவரியில இங்கே என்னதான் சீசன்? ஊர்ல தை மாசம்னா மொச்சை, அவரை, சிறுகிழங்கு, பரங்கின்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவேன். இங்கே கணக்கே பிடிபடல.

வாக்கோவா டீச்சர்:
வணக்கம் தம்பி. கணக்குப் பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. தை மாதம் நமக்கு நடுக்கோடை. பொங்கலன்று இங்கே கரும்பு ஆலைகள்கூட மூடியிருக்கும், வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும். புயல் காலத்தின் உச்சமும் இதே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான். அந்த நேரம் பார்த்து நம்மவர் பலரும் பத்து நாள் கறி மீனை விட்டுவிட்டுக் காய் வாங்க வருகிறோம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இப்போது கிடைப்பவை: ஜிரோமோன் (பரங்கி), லாலோ (வெண்டை), மார்கோஸ் (பாகல்), பிப்பாங்கை (பீர்க்கை), பத்தோல் (புடலை), கலபாஸ் (சுரை), கத்தரி, ஷுஷு (சௌசௌ), பச்சை வாழைக்காய், பிஞ்சுப் பலா, கீரை வகைகள், முருங்கை. தேடி அலைய வேண்டாதவை: காலிஃபிளவர், காரட், லெட்யூஸ், பட்டாணி, நல்ல முட்டைக்கோஸ். இவையெல்லாம் குளிர்காலத்துக்காரர்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வாருங்கள், கூடை கூடையாக வாங்கலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். காவடிக்கு, அதாவது தைப்பூசத்துக்கு, போடும் ஏழு கறி (ஏழு வகைச் சைவக் கறி) இலை முழுக்கக் கோடைக் காய்களால் ஆனதுதான். பரங்கிக்காய்ப் பொரியல், பலாக்காய், வாழைக்காய், கத்தரி, கீரை என்று பெரியவர்கள் சும்மா அமைத்துவிட்டுப் போகவில்லை. காரட்டும் பீன்ஸும் இலைக்கு வந்து சேர்ந்தது சமீபத்துப் பழக்கம் என்பது என் எண்ணம்.

மண்வெட்டி (பெல் மார்):
நான் பெல் மார்ல வெங்காயமும் காயும் போடுறவன். டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கணும். இந்தத் தீவுல சீசன் மாசத்துல மட்டும் இல்ல, உயரத்துலயும் இருக்கு. நடு மேட்டுல வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் வரைக்கும் மழை கொட்டும். மேற்குக் கரையில 1,000-ஐத் தொடுறதே கஷ்டம். கோடையில கரையில வெயில் காய்ச்சி எடுக்கிறப்போ லா மாரி, நூவெல் தேக்கூவெர்த் மாதிரி மேட்டு ஊர்ல கொஞ்சம் கோஸும் ஷுஷுவும் வந்துக்கிட்டு இருக்கும். குளிர்காலத்துல மேட்டுல தூறலும் ஈரமுமா இருக்கிறப்போ எங்க கரை மண்ணு வேலை செய்யும். ஒரே வாரத்துல ஒரே காய் ஒரு ஊர்ல முடிஞ்சிருக்கும், இன்னொரு ஊர்ல ஆரம்பிச்சிருக்கும்.

அதனால கடைக்காரர்கிட்ட "லோக்கலா?"ன்னு கேக்காதீங்க தம்பி. அதுக்கு ஒரே பதில்தான். "எந்த ஊர்ல வெட்டினது?"ன்னு கேளுங்க. தெரிஞ்சவர் சட்டுனு ஊர் பேர் சொல்வார். தெரியாதவர் பேச்சை மாத்துவார். காரட்னா இலையும் மண்ணும் பாருங்க. வெளியிலிருந்து வர்றது கழுவி, இலை வெட்டி, எல்லாம் ஒரே அளவுல பையில வரும். நம்மளோடது வளைஞ்சு நெளிஞ்சு, ரெண்டு கால் வச்சுக்கிட்டெல்லாம் இருக்கும்.

எபேன்வாசி:
மண்வெட்டி அண்ணா, ரொம்ப நன்றி. அப்போ பஸார்ல உக்காந்திருக்கிறவங்க பயிர் பண்றவங்க இல்லையா?

மண்வெட்டி (பெல் மார்):
சில பேர் உண்டு. பெரும்பாலும் இல்ல. நாங்க காயை ஏலத்துக்குக் கொண்டு போவோம். எல்லாரும் லான்கான்னு சொல்றது அதைத்தான். இப்போ வூட்டன்ல பெரிய மொத்த மார்க்கெட் இருக்கு. ஏலக்காரருக்கு கமிஷன், வண்டிக்கு வாடகை, அப்புறம் அங்கிருந்து எடுத்துட்டுப் போற சில்லறை வியாபாரிக்கு அவர் லாபம். நான் வித்த விலைக்கும் நீங்க காத்ர் போர்ன்ல கொடுக்கிற விலைக்கும் நடுவுல எத்தனை கை இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

இதுல வியாபாரியைத் திட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல. ராத்திரி எந்திரிச்சு ஏலத்துக்குப் போறவர் அவர்தான். மிஞ்சின கீரை வாடினா நஷ்டமும் அவருக்குத்தான். எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல. செப்டம்பர்ல கோஸ் குவியும், வெட்டு கூலிக்கே விலை பத்தாது, அப்படியே உழுது மண்ணுல போட்ட வருஷமெல்லாம் உண்டு. அப்போ யாரும் "விவசாயிகிட்ட நேரா வாங்கணும்"னு வரமாட்டாங்க. ஜனவரியில விலை ஏறினாத்தான் எங்க ஞாபகம் வரும். தப்பா நினைக்காதீங்க, பொதுவாச் சொல்றேன்.

மறுபேச்சு:
எல்லாரும் ரொம்ப அழகா எழுதுறீங்க. கொஞ்சம் தண்ணி ஊத்தலாம்னு வந்தேன்.

ஒண்ணு, அந்த ஏழு கறி இலையில சோறு எங்கேயிருந்து வருது? அரிசி இறக்குமதி. பருப்பு இறக்குமதி. அப்பளத்து உளுந்து, சமையல் எண்ணெய், மிளகாய்த்தூள், பாயசத்து ஜவ்வரிசி எல்லாமே கப்பல். இலையில நாலு கூட்டு மட்டும் உள்ளூர்னு பெருமைப்பட்டுக்கிறோம்.

ரெண்டு, மருந்து. கோடை மழையில பூச்சியும் பூஞ்சையும் பிடிக்கும், அதனால தெளிப்பும் அதிகம். காலையில தெளிச்சு மறுநாள் ஏலத்துக்குப் போற தக்காளியை "நம்ம மண்ணு"ன்னு பச்சைப் புள்ளைக்குக் கொடுக்கணுமா? வெளிநாட்டு ஃப்ரோசன் பீன்ஸ் பரிசோதனை தாண்டி வருது. விரதத்துக்கு அது என்ன தீட்டா?

மூணு, விலை. சம்பளக்காரனுக்கு இது பொழுதுபோக்கு. நாலு புள்ளை வச்சிருக்கிறவங்க எது மலிவோ அதைத்தான் வாங்குவாங்க, வாங்கணும்.

வாக்கோவா டீச்சர்:
மறுபேச்சு ஐயா பெயருக்கேற்ற வேலையைச் செய்திருக்கிறார். அரிசி விஷயத்தில் அவர் சொல்வது முழு உண்மை. நம் நாடு உண்பதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. ஆனால் பச்சைக் காயில் நாம் பெருமளவு சொந்தக் காலில் நிற்கிறோம். அந்தக் காலையும் எடுத்துவிட்டால் எதில் நிற்பது?

சிவப்புப் பீன்ஸையும் எலுமிச்சையையும் மறந்துவிட்டார். ரொத்ரீக் தீவிலிருந்து வருகிறது, அதுவும் நம் நாடுதான். விரத நாளில் அந்தப் பீன்ஸை ஊறவைத்துக் குழைய வேகவைத்து, தைம் என்ற வாசனை இலை போட்டு ஒரு குழம்பு வைத்தால் பருப்பைக் கேட்க மாட்டார்கள்.

மண்வெட்டி (பெல் மார்):
மருந்து பத்தி மறுபேச்சு கேட்டது நியாயமான கேள்வி. மழுப்ப விரும்பல. தப்பு பண்றவங்க இருக்காங்க. 2018-ல பூச்சிமருந்துச் சட்டம் வந்துச்சு. எதுல எதை அடிக்கலாம், அடிச்ச பிறகு எத்தனை நாள் கழிச்சு வெட்டணும்னு வரைமுறை இருக்கு. ஃபாரெய்ங்கிற அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் வயலுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறாங்க. நான் அடிச்ச தேதியை நோட்டுல எழுதி வைக்கிறேன். எழுதாதவங்களும் உண்டு.

ஆனா எல்லாக் காயும் ஒண்ணு இல்ல. கோடையில தக்காளி, கோஸ், காலிஃபிளவர், கத்தரி, குடமிளகாய், இதெல்லாம் மருந்து கேக்கிற பயிர். பாகலுக்கும் பீர்க்கைக்கும் பழ ஈ தொல்லை, அதுக்கு அடிக்காம பொறி வைக்கிறவங்க இப்போ கூடியிருக்காங்க. முருங்கைக்கு யார் மருந்து அடிக்கிறா? பலாவுக்கு? சேம்புக்கு? மரவள்ளிக்கு? வீட்டுப் பின்னால நிக்கிற வாழைக்கு? பயப்படுறவங்க அந்தப் பக்கம் போங்க. தானா சீசனும் சரியா அமைஞ்சிடும். சீசன் இல்லாத நேரத்துல ஒரு பயிரை இழுத்துப் பிடிச்சு நிறுத்தணும்னாத்தான் மருந்தே அதிகமாத் தேவைப்படுது.

மறுபேச்சு:
கடைசி வரியை ஒத்துக்கிறேன். மத்ததுல சந்தேகம் இருக்கு. நோட்டுல எழுதுறேன்னு சொல்றீங்க, அந்த நோட்டை பஸார்ல யார் பார்க்கிறா? காய்க்கு மேல ஒட்டியா வருது?

மண்வெட்டி (பெல் மார்):
வரல. அதனாலதான் ஆளைத் தெரிஞ்சு வாங்கச் சொல்றேன்.

ரோஸ் ஹில் தாத்தா:
பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். தட்டச்சு எனக்கு மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிசி வெளியிலிருந்து வருவது இன்றைக்கு நேற்றைக்கு அல்ல. யுத்தத்துக்கு முன்னால் நமக்கு அரிசி பர்மாவிலிருந்து வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், கப்பல் நின்றது. கரும்புத் தோட்டக்காரர்கள் நிலத்தில் ஒரு பகுதியை உணவுப் பயிருக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் கட்டளை போட்டது. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சோளம். என் தாயார் அந்தக் காலத்தை மூன்று வேளையும் கிழங்கு தின்ற காலம் என்பார். அதற்குப் பிறகு சாகும்வரை மரவள்ளியைத் தொடவில்லை. விருந்தாளி வீட்டில் வைத்தாலும் தள்ளி வைத்துவிடுவார்.

இப்போது ஆர்கானிக் என்று பெயர் எழுதி மரவள்ளி மாவு விற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் "பழைய உணவுக்குத் திரும்புவோம்" என்று இளைஞர்கள் எழுதும்போது எனக்கு அம்மா முகம்தான் வருகிறது. அவருக்கு அது பழைய உணவு அல்ல, பஞ்சம்.

1960-ல் கரோல் புயல் அடித்தபோது நான் பையன். தென்னை, மா, பலா எல்லாம் சாய்ந்தது. பிறகு சில நாள் பச்சை வாழைக்காயும் பிஞ்சுப் பலாவும் கேட்பாரில்லாமல் கிடந்தது. எல்லார் வீட்டு அடுப்பிலும் அதே கறி. அதன் பிறகு நெடுநாள் வாழைப்பழமே கண்ணில் படவில்லை.

எபேன்வாசி:
தாத்தா, இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்ல. இன்னும் எழுதுங்க.

செந்தாந்த்ரே:
பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனிலிருந்து வணக்கம். நான் காரைக்காலில் பிறந்தவள், மணமாகி இங்கே வந்தேன். எங்கள் ஊரிலும் காவடி, எங்களுக்கும் அதே புயல். 2024 ஜனவரி 15-ஆம் தேதி பெலால் முதலில் எங்கள் மேல் ஏறிவிட்டுத்தான் உங்கள் பக்கம் வந்தது. அந்த வருஷம் தைப்பூசம் 25-ஆம் தேதி. கொடியேற்றும் நேரத்தில் தோட்டமெல்லாம் தண்ணீரில். 2025-ல் பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் வந்தது. தைப்பூசம் முடிந்த பிறகு என்பதால் விரதம் தப்பித்தது, காய் தப்பிக்கவில்லை.

இங்கே ஒரு வசதி, மலை. ஷுஷு என்றால் சலாஸி என்ற மலை ஊர். பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தல் கட்டிய மாதிரி அதே கொடிதான் படர்ந்திருக்கும். காய் மட்டுமல்ல, கொழுந்தையும் பறித்துக் கீரையாக விற்பார்கள். பருப்புக்கு சிலாவோஸ் இருக்கிறது, அங்கே விளையும் மைசூர்ப் பருப்பு விலை அதிகம், ஆனாலும் விரதத்துக்கு ஒரு பொட்டலம் வாங்கிவிடுவேன். மறுபேச்சு ஐயா இலையில் உள்ளூர்ப் பருப்பு கேட்டார், நாங்கள் வைத்திருக்கிறோம் 😊

சேன் போல் சந்தை வெள்ளியும் சனிக்கிழமைக் காலையும். இங்கேயும் "பெயி" என்று எழுதி ஒட்டினால் உள்ளூர்ச் சரக்கு என்று பொருள், ஒட்டினால் விலை கூடும். பிரான்ஸிலிருந்து ஆப்பிளும் உருளைக்கிழங்கும் கப்பலேறி வந்து பக்கத்துத் தட்டிலேயே மலிவாக உட்கார்ந்திருக்கும். ஆக உங்கள் சண்டை எங்களுக்கும் சொந்தம்.

பிளாக்ரிவர் பையன்:
லிச்சி பத்தி யாரும் பேசலையே? சீசன் உணவுன்னா அதுதான முதல்ல. நவம்பர், டிசம்பர்ல மரம் பூராச் செவந்து நிக்கும், வௌவால் வந்து பாதியைத் துப்பிட்டுப் போயிடும். 2015-ல இருந்து அரசாங்கம் சுட்டுப் பார்த்தது, ஒண்ணும் குறையல.

வாக்கோவா டீச்சர்:
குறையவில்லையா? அந்த வௌவால் இந்தத் தீவுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. 2018-ல் அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றினார்கள். காட்டு மர விதைகளைக் காடெங்கும் தூவுவது அதுதான். மரத்துக்கு வலை போட்டால் முடிகிற காரியத்துக்குத் துப்பாக்கி எதற்கு?

பிளாக்ரிவர் பையன்:
வீட்டுக்கு ஒரு மரம்னா வலை போடலாம் டீச்சர். தாத்தா காலத்து மரம் மாடி வீட்டு உயரம் நிக்குது. எவன் ஏறுறது?

மறுபேச்சு:
மரத்தைக் கவாத்து பண்ணிக் குட்டையா வச்சுக்கணும்பா. அது வேற இழை. காவடிக்கு லிச்சி வராது, ஜனவரிக்குள்ள முடிஞ்சிடும். இங்கே காயைப் பேசுங்க.

எபேன்வாசி:
ஞாயித்துக்கிழமை ஃப்ளாக் போயிட்டு வந்தோம். அப்பா, எவ்வளவு பெரிய சந்தை! மண்வெட்டி அண்ணா சொன்ன மாதிரி "எந்த ஊர்?"னு மட்டும் கேட்டேன். ஒரு அக்கா "பின்னாடி தெரு, எங்க வீட்டுத் தோட்டம்"னு சொல்லி ரெண்டு கட்டு பிரேத் மூரூம் (முருங்கைக்கீரை) கொடுத்தாங்க. இன்னொருத்தர் பீன்ஸைக் காட்டி ஊர் பேர் கேட்டதும் "வூட்டன்"னாரு! அது மார்க்கெட் ஆச்சே 😄

வாங்கினது: பரங்கிக் கீத்து, வெண்டை, புடலை, பாகல், சேப்பங்கிழங்கு, முருங்கைக்கீரை, பச்சை மிளகாய். கொத்தமல்லி விலையைக் கேட்டு வாயை மூடிட்டு வந்துட்டேன். அரை லீவ் தக்காளி மட்டும் எடுத்தோம், பாதி வெம்பல். இங்கே லீவ்னா அரைக் கிலோன்னு தெரிஞ்சுக்கவே எனக்கு நாளாச்சு.

கேள்வி: பேரம் பேசலாமா? ஊர்ல பேசாம வாங்கினா எங்கம்மா திட்டும்.

வாக்கோவா டீச்சர்:
முருங்கைக்கீரை விற்கும் அக்காவிடம் பேசாதீர்கள். அவர்களே ஒரு பிடி கூடப் போடுவார்கள். பெரிய கடையில் மதியத்துக்கு மேல் போனால் நீங்கள் பேசவே வேண்டாம், அவர்களே குறைத்துக் கூவுவார்கள்.

கொத்தமல்லி கோடையில் வேண்டவே வேண்டாம். ஒரு கனமழைக்குத் தாங்காது. கறிவேப்பிலை, தைம், வெங்காயத்தாள் வைத்துச் சமாளியுங்கள். தக்காளியும் அப்படித்தான். ரசத்துக்குப் புளியைக் கூட்டிக்கொண்டு தக்காளியைக் குறையுங்கள்.

உங்கள் பையில் இருப்பதை வைத்து நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். பரங்கியைக் கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம், தைம் போட்டு மூடி வைத்து, தண்ணீரே ஊற்றாமல் அதன் நீரிலேயே மசிய விடுவேன். முருங்கைக்கீரையை இஞ்சி பூண்டு தட்டிப் போட்டுத் தண்ணீராக ஒரு பூயோன் (கீரைச் சாறு). விரதத்தில் பூண்டு சேர்க்காத வீடாக இருந்தால் இஞ்சி மட்டும் போதும். சேப்பங்கிழங்கைப் புளியில் வேகவைத்தால் நாக்கு அரிக்காது. பாகலை வட்டமாக அரிந்து உப்பு பிசறி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துப் பிழிந்து வறுத்தால் பிள்ளைகள்கூடச் சாப்பிடுவார்கள். புடலையைக் கடலைப்பருப்போடு கூட்டு. ஆமாம் மறுபேச்சு ஐயா, பருப்பு கப்பலில் வந்ததுதான்!

மறுபேச்சு:
நான் வாயையே திறக்கலையே 🙂

கியூர்பீப் மழை:
நாங்க சில குடும்பம் சேர்ந்து ஒரு தோட்டக்காரர்கிட்ட வாரக் கூடை வாங்குறோம். வாட்ஸ்அப்ல ஒரு குரூப். விலை வருஷம் பூரா ஒண்ணு. என்ன காய்ங்கிறதை அவர்தான் முடிவு பண்ணுவார். குளிர்காலத்துல பார்த்தா கல்யாண வீட்டுச் சீர் மாதிரி இருக்கும்: பீட்ரூட், காரட், கோஸ், பட்டாணி, லெட்யூஸ். இப்போ ஜனவரியில வாரா வாரம் சுரைக்காய். போன வாரம் என் வீட்டுக்காரர் கூடையைத் திறந்து பார்த்துட்டு ஒண்ணுமே பேசாம மூடி வச்சிட்டார்.

நடுவுல ரெண்டு குடும்பம் விலகிப் போயிட்டாங்க. "இதே காசுக்கு சூப்பர் மார்க்கெட்ல வேணுங்கிறதை எடுக்கலாமே"ன்னு. அவங்க கணக்கு ஜனவரிக்குச் சரி. ஆகஸ்ட்ல அவங்க கொடுத்த காசுக்கு மேல வாங்கிட்டுப் போனதை மறந்துட்டாங்க. தோட்டக்காரருக்கு அதுல மனசு விட்டுப் போச்சு.

மண்வெட்டி (பெல் மார்):
அதுதான் நான் மேல சொன்னது. கூடை முறை எனக்குப் பிடிக்கும். நட்டு வைக்கிற அன்னைக்கே யார் சாப்பிடப் போறாங்கன்னு தெரியும். ஆனா கோடையில ஆள் நிக்கணும். நிக்கலேன்னா நான் ஏலத்துக்கே போறது மேல்.

எபேன்வாசி:
அக்கா, அந்தக் கூடையில இடம் இருந்தா எங்க வீட்டையும் சேர்த்துக்கோங்க. சுரைக்காய் எங்களுக்குப் பிரச்சினை இல்ல, எங்கம்மா சுரைக்காய்ல அடை சுடும்.

இன்னொரு விஷயம் பயமா இருக்கு. விரதம் ஆரம்பிச்ச பிறகு புயல் வந்துட்டா? முன்னாடியே என்ன வாங்கி வைக்கிறது?

ரோஸ் ஹில் தாத்தா:
பரங்கிக்காய். முழுசாக, காம்போடு. அறுக்காத பரங்கி மாதக்கணக்கில் நிற்கும். கரோலுக்கும் பிறகு 1975-ல் ஜெர்வேஸ் புயலுக்கும் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது கட்டிலுக்கடியில் உருட்டி வைத்த பரங்கிக்காய்தான்.

மண்வெட்டி (பெல் மார்):
தாத்தா சொன்னது முதல்ல. அப்புறம் உருளை, வெங்காயம், சேம்பு, மரவள்ளி, வாழைக்காய். எங்க வெங்காயம் வருஷக் கடைசிக்குள்ள அறுப்பு முடிஞ்சு காய்ஞ்சு தொங்கும். இப்போ வாங்கினா ஈரமில்லாம நல்லா இருக்கும்.

முதலாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்ததுமே நாங்க கையில கிடைக்கிறதை எல்லாம் பறிச்சிடுவோம், வயல்ல விட்டா போச்சு. அன்னைக்கு சந்தையில காய் குவியும். ஆனா சனமும் குவியும், அதனால மலிவா இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. கரண்ட் போயிட்டா ஃப்ரிட்ஜ் கிடையாது, அதை மனசுல வச்சு கீரை, தக்காளி வாங்காதீங்க.

புயல் போன பிறகு முதல் ரெண்டு மூணு நாள் விழுந்த வாழைத்தாரும் பலாவும் வரும், தாத்தா சொன்ன மாதிரி. அதுக்கப்புறம்தான் பஞ்சம். தண்டுக்கீரை விதைச்சா மூணு நாலு வாரத்துல பறிக்கலாம், எப்பவும் முதல்ல எழுந்து நிக்கிறது அதுதான். முருங்கை கிளை முறிஞ்சாலும் சீக்கிரமாத் துளிர்க்கும். பீன்ஸுக்கு ஒண்ணரை மாசத்துக்கு மேல வேணும். கோஸ், தக்காளின்னா ரெண்டரை மாசம் போல, அதுவும் நாத்து கையில இருந்தா. நாத்தும் அழிஞ்சிருந்தா இன்னும் ஒரு மாசம் கூட. வாழைக்கு முக்கால் வருஷத்துக்கு மேல. இந்தக் கணக்கு தெரிஞ்சா, புயலுக்கு மறுவாரம் "ஏன் இவ்வளவு விலை?"ன்னு வியாபாரிகிட்டச் சண்டை போட மாட்டீங்க.

மறுபேச்சு:
அந்த ரெண்டரை மாசம்தான் நான் சொல்ற ஃப்ரோசன் பீன்ஸுக்கு வேலை. அரசாங்கமே அப்போ காரட், கோஸ் இறக்குமதிக்குக் கதவைத் திறக்குது. இல்லேன்னா ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்னத்தைச் சமைக்கிறது?

மண்வெட்டி (பெல் மார்):
திறக்கட்டும், தப்பே இல்ல. எப்போ மூடுறாங்கங்கிறதுதான் எங்க கேள்வி. நாங்க மறுபடி நட்டு வெட்டுக்குக் கொண்டு வர்ற வாரம் பார்த்து வெளி காரட்டு துறைமுகத்துல இறங்கினா ரெண்டாவது புயல் அதுதான்.

செந்தாந்த்ரே:
காயை எல்லாரும் பேசிவிட்டீர்கள். இலையை யாரும் கேட்கவில்லையே? ஏழு கறிக்கு வாழையிலை வேண்டாமா? பெலால் வருஷம் இங்கே முழு இலை கிடைக்கவே இல்லை, எல்லாம் சீப்பு மாதிரி கிழிந்து தொங்கியது. கடைசியில் காகிதத் தட்டில் போட்டார்கள். அதில் ரசம் ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாக்கோவா டீச்சர்:
எங்கள் கோயிலிலும் அதே கதைதான். அந்த வருஷம் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி இரண்டை ஒட்டிப் போட்டோம்.

மண்வெட்டி (பெல் மார்):
காத்து வேகம் எடுக்கிறதுக்கு முன்னாடி, இரண்டாம் வகுப்பு எச்சரிக்கைக்குள்ள இலையை அறுத்திடணும். நடு நரம்பைச் சீவி, தணல்ல லேசா வாட்டி, ஈரத்துணியில சுருட்டிக் குளிர்ந்த இடத்துல வச்சா சில நாள் தாங்கும். வாட்டாம சுருட்டினா மடிப்புல கிழியும். காவடிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல இருந்தா அதுவும் பத்தாது. அப்போ பள்ளத்துல, வீட்டு மறைப்புல நிக்கிற வாழையைத் தேடணும். எங்க வீட்டுக்குப் பின்னால சுவர் ஓரமா பத்து பன்னெண்டு மரம் நிக்குது, பெலாலுக்கும் அதுல பாதி இலை முழுசா நின்னுச்சு. கோயில்ல இருந்து யாராவது பேசுறதா இருந்தா தனிச்செய்தி போடுங்க. அறுக்கக் கத்தியோட நீங்களே வரணும், எனக்கு அந்த வாரம் வயல்லயே வேலை சரியா இருக்கும்.